ஒரு படிவமும் பல்லாயிரம் பெயர்களும்



ஒரு கடிதத்தை ஒருமுறை எழுதுவது; அதில் பெயருக்கு ஓரிடம், ஊருக்கு ஓரிடம், தொகைக்கோ திகதிக்கோ ஓரிடம் என்று வெற்றிடங்கள் விட்டுவைப்பது; பின்பு ஒரு பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொண்டு அவ்வெற்றிடங்களை நிரப்பிக்கொண்டே போவது. கடிதம் ஒன்றே, பெறுவோர் பல்லாயிரவர். ஆயினும் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பெயர் தாங்கிய தனிக் கடிதமாகவே அது போய்ச் சேர்கிறது. இந்நாளில் வங்கிகளும் பாடசாலைகளும் வியாபார நிலையங்களும் கணினியின் துணைகொண்டு மின்னஞ்சல் வழியாக நாள்தோறும் செய்துவரும் காரியம் இது. மடல் ஒரு கோப்பில் இருக்கும். பெயர்ப்பட்டியல் வேறொரு கோப்பில் இருக்கும். இரண்டையும் இணைக்குமாறு கட்டளையிட்டால், ஒருவர் ஒரு கோப்பைத் தேநீரை அருந்தி முடிப்பதற்குள் ஆயிரம் கடிதங்கள் ஆயத்தமாகிவிடும். 'மெயில் மெர்ஜ்' என்று இதனை வழங்குகின்றனர்.

இக்கலை கணினியோடு பிறந்ததென்று பலர் எண்ணுவதுண்டு. உண்மை அவ்வாறன்று. நமது கண்டிச் சீமையில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே, அச்சிட்ட படிவமும் பெயர்ப்பட்டியலும் நூறாண்டுகளுக்கு மேலாக மனிதர்களின் தலைவிதியை எழுதி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் உலக நடப்பை ஒரு கண்ணோட்டமாகப் பார்த்துவிடுவோம். ஜெர்மனியில் கூட்டன்பர்க் என்பார் அச்சுக்கலையைத் தொடங்கியபோது விவிலியத்தை அச்சிட்டார் என்பது யாவரும் அறிந்ததே. அதே காலத்தில் அதே நகரத்தில் வேறொன்றும் அச்சேறியது. அதுதான் பாவமன்னிப்புச் சீட்டு. 1454, 1455 ஆம் ஆண்டுகளைத் தாங்கிய பிரதிகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. வாசகம் முழுவதும் அச்சில் இருக்கும். பணம் கொடுத்தவரின் பெயரும் திகதியும் எழுதுவதற்கு மட்டும் இடம் விட்டிருக்கும். ஆக, அச்சுயந்திரம் தோன்றிய நாளிலேயே பெயருக்கு இடம்விட்ட படிவமும் தோன்றிவிட்டது. பின்னர், 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், லண்டனில் கெஸ்டெட்னர் என்பார் மெழுகுத்தாளிலிருந்து பல பிரதிகள் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1896 இல் அமெரிக்காவில் டங்கன் என்பார் விலாசங்களை மட்டும் அடுத்தடுத்துப் பொறிக்கும் 'அட்ரெஸோகிராப்' என்னும் யந்திரத்துக்கு உரிமம் பெற்றார். 1964 இல் ஐ.பி.எம். நிறுவனம் காந்த நாடாவில் கடிதத்தைப் பதிந்து வைத்துத் தானாகவே திரும்பத் தட்டச்சுச் செய்யும் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னரே கணினி வந்தது. இவற்றை விரித்துரைக்க இது சமயமன்று. 1964 என்னும் ஆண்டை மட்டும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

இனிக் கண்டிக்கு வருவோம். தென்னிந்தியக் கிராமங்களில் இலங்கையின் மலைநாடு முழுவதற்குமே 'கண்டிச் சீமை' என்றுதான் பெயர். 'கண்டிக்குப் போகிறேன்' என்று புறப்பட்டவர் கம்பளைக்கோ நாவலப்பிட்டிக்கோ புசல்லாவைக்கோ தெல்தோட்டைக்கோ போய்ச் சேர்ந்திருக்கக் கூடும். 1820 களில் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் அமைத்த காலந்தொட்டு இவ்வரவு தொடங்கியது. கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில்தான் ஆட்கள் மிகுதியாக வேண்டும். ஆகையால் வருவோரும் போவோருமாகவே அக்காலத்துத் தொழிலாளர் இருந்தனர். மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தனர். வேலை முடிந்ததும் அவ்வழியே நடந்து திரும்பினர். வழியில் மடிந்தவர்களும் பலர். 1869 இல் கோப்பி இலைநோய் தோன்றிற்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1867 இல், ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை 19 ஏக்கரில் பயிரிட்டிருந்தார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். எனவே தொழிலாளர் குடும்பத்தோடு வந்து லயங்களில் நிலையாகத் தங்கினர். ஆட்கள் நிலைத்ததும் பெயர்ப்பட்டியலும் நிலைத்தது.

அந்தப் பட்டியலுக்கு 'செக்ரோல்' என்று பெயர். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் எல்லோரும் வந்து நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பெயர்களைக் கூப்பிட்டு வேலையைப் பங்கிடுவார். மாலையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அடையாளம் இடுவார். இதிலிருந்து மலைநாட்டுத் தமிழில் ஓர் அரிய வழக்கு உண்டாயிற்று. ஒரு நாட்கூலிக்கே 'பேர்' என்று பெயர். 'இந்த மாதம் எனக்கு இருபது பேர்' என்றால் இருபது நாள் வேலை செய்தேன் என்பது பொருள். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போட்டுவிட்டார்கள் என்பார்கள். முழு மனிதனாக நின்று வேலை செய்தவனுக்குப் பாதிப் பெயர்! தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ இச்சொல்லுக்கு இப்பொருள் இல்லை. பெயரென்பது கூலியாகவும் கூலியென்பது பெயராகவும் மாறிவிட்ட ஒரு வாழ்க்கையிலிருந்துதான் அச்சொல் பிறக்க முடியும்.

ஒரே தோட்டத்தில் நான்கு கருப்பாயிகளும் ஐந்து முத்துசாமிகளும் இருப்பார்கள். ஆகவே பெயரோடு ஓர் எண்ணையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் எழுதும் குமாஸ்தா தன் காதுக்குப் பட்டவாறு எழுதுவார். அவருக்குப் பின்வந்தவர் வேறுவிதமாக எழுதுவார். வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர் செக்ரோலில் ஏறிவிடும்; பிறப்புப் பதிவில் சுவாமி பெயர் இருக்கும். அக்காலத்தில் இதனை எவரும் பொருட்படுத்தவில்லை. துரைக்குத் தேவை கையின் எண்ணிக்கை. தொழிலாளிக்குத் தேவை மாதக் கடைசியில் சம்பளம். எழுத்துப் பிழையால் அன்று யாருக்கும் நட்டமில்லை. நட்டம் பின்னால் வந்தது.

செக்ரோலுக்கு அடுத்தபடியாகச் சொல்லவேண்டியது 'துண்டு'. அச்சிட்ட சிறு காகிதம் அது. இன்ன கங்காணியும் அவருடைய இத்தனை ஆட்களும் இந்தத் தோட்டத்துக்கு இத்தனை ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள்; அத்தொகையை யாரேனும் செலுத்தினால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் வாசகம். துரை கையொப்பமிட்டுக் கங்காணியிடம் கொடுப்பார். கங்காணி அதனை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களுக்குச் செல்வார். ஆட்கள் தேவைப்படும் துரை கடனைத் தீர்த்து அவர்களை எடுத்துக்கொள்வார். கூடவே கங்காணிக்கு மேற்கொண்டு முன்பணமும் கொடுப்பார். அம்முன்பணமும் தொழிலாளர் தலையிலேயே கடனாக ஏறும். இவ்வாறு தோட்டத்துக்குத் தோட்டம் மாறமாறத் துண்டிலுள்ள தொகை வளர்ந்துகொண்டே போகும்.

இப்படிவத்தைச் சற்று ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அதில் பெயருக்கு விடப்பட்டிருந்த இடம் ஒன்றே. அது கங்காணியின் பெயருக்கு. மற்றவர்களுக்கு விடப்பட்டது எண்ணிக்கைக்கான இடம். இருபத்தைந்து பேரானாலும் அறுபது பேரானாலும் ஓர் இலக்கத்துக்குள் அடங்கிவிடுவர். கைமாறுகிறவன் தன் பெயரைக்கூட அக்காகிதத்தில் காண முடியாது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. நூற்றாண்டு கடந்துவிட்டது, ஆயினும் அவ்வளவு சிறிய காகிதம் அவ்வளவு பெரிய கொடுமையைத் தாங்கியிருந்ததை எண்ணும்போது வியப்பாகவே இருக்கிறது.

காகிதம் மட்டுமன்று, தகரமும் உண்டு. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தகரத் துண்டு' முறை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகர வில்லையை இந்தியாவிலேயே ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவார்கள். அதனை அணிந்துகொண்டு வருபவரைப் புகைவண்டியிலும் கப்பலிலும் காசு கேளாமல் ஏற்றுவார்கள்; செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். எழுத்தறியாதவர் வழிதவறாமல் வந்துசேர அது உதவியது என்று துரைமார் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் பொதிக்கு விலாசம் ஒட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம். வில்லையில் சென்று சேரவேண்டிய இடம் இருந்தது. செல்பவரின் பெயர் இல்லை.

1923 இல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தன் ஏஜெண்டை நியமித்தது. அவருடைய காரியாலயம் தலைநகராகிய கொழும்பில் அமையாமல் கண்டியில் அமைந்தது. தொழிலாளர் வாழும் இடத்துக்கு அண்மையில் இருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. இந்திய உதவி உயர் ஸ்தானிகரின் காரியாலயமாக அது பிற்காலத்திலும் கண்டியில் நிலைத்தது. பெயர்களையும் படிவங்களையும் பற்றிய நமது கதையில் அந்தக் காரியாலயத்துக்குப் பெரும் பங்குண்டு. அதைப் பின்னர் சொல்வேன்.

சுதந்திரம் வந்தது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. நாவலப்பிட்டியில் இராஜலிங்கமும், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும், நுவரெலியாவில் தொண்டமானும் அவ்வெழுவருள் அடங்குவர். மறு ஆண்டு, 1948 இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான தனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் வாக்குரிமை பிரசைகளுக்கு மட்டுமே என்றாயிற்று. நேற்று வாக்களித்தவர் இன்று, தாம் இந்நாட்டவரே என்பதைப் படிவத்தை நிரப்பி மெய்ப்பிக்க வேண்டியவரானார்.

படிவம் என்ன கேட்டது? 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்பிருந்தே, மணமானவராயின் ஏழாண்டுகளும் மணமாகாதவராயின் பத்தாண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். நடுவில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே சென்றிருத்தலாகாது. போதிய வருமானம் இருத்தல் வேண்டும். மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் கணவனின் விண்ணப்பத்திலேயே சேர்க்கலாம். சத்தியக் கடதாசி ஒன்றையும் இணைக்க வேண்டும். இவையனைத்துக்கும் இரண்டாண்டுத் தவணை. 1951 ஆகஸ்டு 5 ஆந் திகதியோடு கதவு மூடப்படும்.

காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தை எதிர்த்து விண்ணப்பிக்காமல் இருக்கும்படி சொல்லிற்று. வாக்குரிமையோடு வாழ்ந்தவன் இனிப் படிவம் நிரப்பிக் கெஞ்சுவதா என்ற மானவுணர்ச்சி அதில் இருந்தது. அவ்வுணர்ச்சி நியாயமானதே. ஆனால் நாட்காட்டி யாருடைய மானத்துக்காகவும் நிற்பதில்லை. தவணையின் பெரும்பகுதி கழிந்த பின்னர், விண்ணப்பிக்குமாறு சொல்லவேண்டியதாயிற்று. இறுதி மாதங்களில் மலைநாடெங்கும் படிவங்கள் பறந்தன. தோட்டப் பாடசாலை ஆசிரியர், கணக்கப்பிள்ளை, தொழிற்சங்கக் காரியாலயத்தார், கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதுவோர் என்று எழுதத் தெரிந்த ஒவ்வொருவர் முன்னும் வரிசை நின்றது. ஒரே படிவம், ஒரே கேள்விகள், ஏறக்குறைய ஒரே விடைகள். மாறியவை பெயரும் தோட்டமும் ஆண்டுகளும் மட்டுமே. கையொப்பமிட வேண்டிய இடத்தில் பெருவிரல் மை. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. அவற்றுள் அடங்கிய மனிதர்கள் சுமார் 8,25,000. இலங்கையில் அதற்கு முன்னர் இவ்வளவு பெருந்தொகையான மக்கள் இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரே படிவத்தை நிரப்பியது உண்டோ என்பது ஐயமே.

இங்கேதான் பழைய செக்ரோல் தன் வேலையைக் காட்டியது. ஏழாண்டு வாசத்துக்கு அதுவே முக்கிய சாட்சி. விண்ணப்பத்தில் 'இராமாயி' என்றிருக்கும். செக்ரோலில் 'ராமி' என்றிருக்கும். பிள்ளையின் பிறப்புப் பதிவில் தாயின் பெயர் வேறொன்றாக இருக்கும். மூவரும் ஒருவரே என்பதைத் தோட்டம் முழுவதும் அறியும், காகிதம் அறியாது. தகப்பன் பெயரை முன்னெழுத்தாக இடும் நமது வழக்கமும் ஆங்கிலப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. கணவன் பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட பெண்ணின் ஒரு பத்திரமும், தகப்பன் பெயரைக் கொண்ட மற்றொரு பத்திரமும் இரு வேறு பெண்களைக் காட்டின. தாயைப் பார்க்க ஊருக்குப் போய்ப் பதின்மூன்றாம் மாதம் திரும்பியவர் நிலைமை என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை.

விசாரணை ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரு விண்ணப்பத்தில் போதிய ஆதாரம் இல்லையென்று ஆணையாளர் கருதினால், இன்ன காரணத்தால் நிராகரிக்க எண்ணியுள்ளோம், குறித்த தவணைக்குள் காரணம் காட்டுக என்று அறிவித்தல் அனுப்புவார். இந்த அறிவித்தலும் ஒரு படிவக் கடிதமே. பெயரும் இலக்கமும் மாறும், காரணங்களோ சிலவே, மீண்டும் மீண்டும் வருபவை: தொடர்ச்சியான வாசம் மெய்ப்பிக்கப்படவில்லை, வருமானம் மெய்ப்பிக்கப்படவில்லை, நிலையாக வாழும் எண்ணம் மெய்ப்பிக்கப்படவில்லை. அது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பெறுபவர் தமிழே வாசிக்கத் தெரியாதவராக இருக்கலாம்.

கடிதம் அவரிடம் எவ்வாறு சென்றது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து கண்டிக்குக் குதிரைத் தபால் வண்டி 1832 இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆசியாவிலேயே முதலாவது தபால் வண்டி அது என்று பெருமையாகச் சொல்வதுண்டு. 1867 இல் கண்டிக்குப் புகைவண்டியும் வந்துவிட்டது. ஆனால் கண்டியிலிருந்து லயத்து அறை வரையுள்ள கடைசி மூன்று மைல் இருக்கிறதே, அதுதான் நெடுந்தூரம். தபாற்காரர் லயத்துக்கு வருவதில்லை. தோட்டத்துத் 'தப்பால்காரன்' தபாற் கந்தோரிலிருந்து பையைத் தோட்டத்துக் கந்தோருக்குக் கொண்டுவருவான். அங்கே பிரித்துப் பார்த்து, கங்காணி மூலமாகவோ பிரட்டுக் களத்தில் கூப்பிட்டோ கொடுப்பார்கள். நான்கு கருப்பாயிகளுள் எந்தக் கருப்பாயிக்குக் கடிதம்? வேலைக்கு வராதவரின் கடிதம் எத்தனை நாள் கந்தோர் மேசையில் கிடக்கும்? வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்தவரைத் தேடிக் கொடுப்பவர் யார்? தவணையோ கடிதம் எழுதப்பட்ட நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 8,25,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டதில், 1960 களின் தொடக்கம் வரை பதிவு பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். நூற்றுக்குப் பதினாறு. எஞ்சியவர்கள் அனைவரும் எழுத்துப் பிழையால் வீழ்ந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தின் நோக்கமே குறுகியது என்பதை அக்காலத்திலேயே பலர் எடுத்துக் காட்டினர். ஆயினும், குறுகிய நோக்கமுடைய ஒரு சட்டத்துக்குப் பிழைபட்ட பெயர்ப்பட்டியலைப் போலக் கைகொடுப்பது வேறொன்றில்லை. இல்லையென்று சொல்ல விரும்புபவருக்கு ஓரெழுத்து போதும்.

இவ்விடத்தில் வானொலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அதே காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளும் பிறந்தநாள் வாழ்த்துகளும் ஒலித்துக்கொண்டிருந்தன. பாடல் ஒன்று, அதனை விரும்பியவர்களின் பெயர்களோ வரிசை வரிசையாக. தோட்டத்தின் பெயரோடு தன் பெயரும் தன் தங்கையின் பெயரும் காற்றில் வருவதைக் கேட்க லயத்து மக்கள் காத்துக் கிடந்தனர். ஒரே செய்தியைப் பலர் பெயருக்கு அனுப்பும் அதே முறைதான். ஆனால் அறிவிப்பாளர் அப்பெயர்களைத் தமிழில், பிழையில்லாமல் உச்சரித்தார். அஞ்சலட்டையில் எழுதிய பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டார். செக்ரோலோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

நினைவில் வைத்துக்கொள்ளுமாறு சொன்ன 1964 ஆம் ஆண்டுக்கு இப்போது வருவோம். கடிதத்தைத் தானாகவே அடிக்கும் பொறி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அவ்வாண்டில், அக்டோபர் 30 ஆந் திகதி, பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று மதிப்பிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்றனர். 1974 இல் அவர்களையும் பாதிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர். ஏழு பேர் இந்தியாவுக்குச் சென்றால் நான்கு பேருக்கு இங்கே பிரசாவுரிமை என்பது விகிதம். மனிதரை இவ்வாறு வகுத்தல் கணக்கில் பாகம் பிரிப்பதை நினைவூட்டுகிறது. தொழிலாளரின் விருப்பத்தை முன்கூட்டிக் கேட்டவர் எவருமில்லை.

மீண்டும் படிவங்கள். இம்முறை இரண்டு விதம்: இந்தியாவை விரும்புவோர் ஒன்றையும், இலங்கையை விரும்புவோர் மற்றொன்றையும் நிரப்ப வேண்டும். இலங்கைக்கென்று ஒதுக்கிய 3,00,000 இடங்களுக்கு அதனினும் இரு மடங்குக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இந்தியாவுக்கென்று விண்ணப்பித்தோர் 5,06,000 பேர். கண்டியிலிருந்த உதவி உயர் ஸ்தானிகர் காரியாலயத்தின் முன்னே பாஸ்போர்ட்டுக்காகவும் குடும்ப அட்டைக்காகவும் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்து காத்து நின்றனர். பின்பு ஒருநாள் நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டிய திகதி குறித்த கடிதம் வரும். வாசகம் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு நாட்டின் கடிதமும் தம்பிக்கு மற்றொரு நாட்டின் கடிதமும் வந்ததுண்டு. கிழவி ஒருத்தி ஒரு பட்டியலிலும், அவளைப் பார்த்துக்கொள்ளும் மகள் மற்றொரு பட்டியலிலும் அகப்பட்டதுண்டு. பட்டியலில் பெயர்கள் தனித்தனி வரிகளில் நிற்கும். உறவு வரிகளுக்கிடையே நிற்கும். அதனை எழுத இடமில்லை. கண்டிப் புகையிரத நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுத காட்சிகளைக் கண்டவர்கள் அதனை 'அழுகைக் கோச்சி' என்று சொன்னார்கள். தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய கப்பல் 1984 இல் நின்றபோது அந்த யாத்திரையும் நின்றது.

அதன் பின்னர் நடந்தவை வேறு திசையில் சென்றன. 1986 இலும் 1988 இலும் சட்டங்கள் வந்தன. 1988 ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்காத இந்திய வம்சாவளியினரை விசாரணையின்றிப் பிரசைகளாக ஏற்றது. அத்தாட்சி வேண்டுமாயின் ஒரு சத்தியக் கடதாசி போதும் என்றது. 2003 அக்டோபரில் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றிய 35 ஆம் இலக்கச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. 1964 அக்டோபர் 30 ஆந் திகதி முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகளாவர் என்று அது கூறிற்று. முன்பு இந்தியப் பாஸ்போர்ட் பெற்றும் செல்லாதிருந்தவர்கள் ஒரு பிரகடனத்தில் ஒப்பமிட்டால் போதும். நடமாடும் முகாம்கள் தோட்டங்களுக்கே சென்றன. பத்தே நாட்களில் சுமார் 1,90,000 பேர் பிரசாவுரிமை பெற்றதாக அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஸ்தானிகராலயம் கூறுகிறது. 1949 இல் பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்த காரியம் 2003 இல் பத்து நாட்களில் முடிந்ததற்குக் காரணம் வேகமான யந்திரமன்று. முன்னையது ஒவ்வொருவரையும் தன்னை மெய்ப்பிக்கச் சொன்னது. பின்னையது அனைவரையும் ஒரே வசனத்தில் ஏற்றுக்கொண்டது.

இப்பொழுது கண்டி நகரிலும் கணினி வந்துவிட்டது. தலதா வீதியிலும் கொழும்பு வீதியிலும் உள்ள நிலையங்களிலிருந்து ஒவ்வொரு மாதமும் பெயர் பொறித்த மடல்கள் ஆயிரக்கணக்கில் செல்கின்றன. ஆயினும் பழைய தொல்லை புது வேடத்தில் வருகிறது. கணினியின் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. நமக்கோ குடும்பப்பெயர் இல்லை. ஆகவே தகப்பனார் பெயரை ஏதோ ஒரு கட்டத்தில் இட்டு வைக்கிறோம். பின்பு 'அன்புள்ள பெரியசாமி அம்மையாருக்கு' என்று பெரியசாமியின் மகளுக்குக் கடிதம் வருகிறது. நகைப்புக்கிடமான சங்கதிதான். ஆனால் ஓய்வூதியத்துக்கோ ஊழியர் சேமலாப நிதிக்கோ செல்லும்போது, தேசிய அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் தோட்டத்துப் பதிவில் வேறுவிதமாகவும் பெயர் இருந்தால் நகைப்பு அடங்கிவிடும். இத்தகைய மடல்களை அனுப்பும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மடலின் வாசகத்தை மெருகிடச் செலவழிக்கும் நேரத்தில் பாதியைப் பட்டியலைச் சரிபார்ப்பதில் செலவழியுங்கள். முன்னெழுத்துக்குத் தனிக் கட்டமும், அழைக்கும் பெயருக்குத் தனிக் கட்டமும் வையுங்கள். அனுப்புமுன் பத்து மடல்களையாவது திறந்து, பெயரோடு உரக்க வாசித்துப் பாருங்கள். காது கண்டுபிடிக்கும் பிழையைக் கண் விட்டுவிடும்.

விலாசத்தின் கதையோ இன்னும் முடியவில்லை. இன்றும் பல தோட்டங்களில் லயத்து அறைகளுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் தபாற் கந்தோரின் பெயருமே முந்நூறு குடும்பங்களுக்கும் பொதுவான விலாசம். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் வேலைக்கான நேர்முகப் பரீட்சை அழைப்பும் அந்த ஒரே விலாசத்துக்குத்தான் வருகின்றன. கடிதத்தின் தலைப்பில் பெயர் அச்சுப் பிசகாமல் இருக்கிறது. அதனைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த லயத்துப் பிள்ளைக்கு என்று தோட்டத்துக் கந்தோரில் ஒருவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.